முதலில் போமலின் போத்தல், பிறகு புரத மார்க்கர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சலத்தில் ஒரு புரதத்தை அளந்தால் போதும். சலப்பைப் புற்றுநோய் இருக்கிறதா, அது முற்றுமா, ஆள் தப்புவாரா என்றெல்லாம் சொல்லிவிடலாம் என்ற வகையில் செய்திகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. "வெளியில காசு குடுத்தெண்டாலும் அந்தப் புரத ரெஸ்ற்றைச் செய்யலாமோ?" என்று கிளினிக்கில் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பது நியாயம். இந்தப் புரதங்கள் கற்பனையல்ல. அவற்றின் பின்னால் பல பத்தாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. ஆனால் சலப்பையிலிருந்து எடுத்த சதை சரியான ஆழத்தில் எடுக்கப்பட்டு, போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில், சரியான நேரத்துக்குள் ஆய்வுகூடம் வந்து சேராவிட்டால் எந்தப் புரதமும் உண்மை சொல்லாது. வன்னி மாவட்டங்களுக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுவது எது என்பதை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சலப்பையின் உட்புறத்தில் மெல்லிய மேற்படை ஒன்று, அதன் கீழே இணைப்புப் படை, அதற்கும் கீழே சலப்பையைச் சுருங்க வைக்கும் தடித்த தசை. புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது இன்னும் தசையைத் தொட்டிருக்காது. மேற்படையோடு நிற்பதை ரிஏ என்றும், இணைப்புப் படைக்குள் இறங்கியதை ரி1 என்றும், தசைக்குள் புகுந்ததை ரி2 என்றும் ரிப்போட்டில் எழுதுவார்கள். இவற்றோடு சிஐஎஸ் என்று இன்னொன்று உண்டு. அது முளையாக எழும்பாது. மேற்படையில் தட்டையாகப் பரவும். சலவழியால் சலப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கமராவில் சிவந்த இடமாகத் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. குணத்தில் மிகக் கெட்டது. தசையைத் தொடாத கட்டியைச் சுரண்டி எடுத்து, தேவைப்பட்டால் சலப்பைக்குள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பிசிஜி மருந்து விட்டு, ஆண்டுக்கணக்கில் கமரா வைத்துப் பார்த்து வரலாம். தசைக்குள் போய்விட்டால் சலப்பையையே அகற்றுவது, அல்லது கதிர்ச்சிகிச்சையும் கீமோவும் சேர்த்துக் கொடுப்பது என்று பேச்சே மாறிவிடும். எந்தக் கட்டி கீழே இறங்கும், எது இறங்காது என்பதை முன்கூட்டி அறியத்தான் புரத மார்க்கர்களை, அதாவது நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் புரதங்களைத் தேடுகிறார்கள்.

செய்திகளில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிப் போகின்றன. "புற்றுநோய் இருக்கிறதா" என்பது ஒன்று. "இருக்கிற புற்றுநோய் எப்படிப் போகும்" என்பது மற்றது. சலத்தில் பார்க்கும் புரதங்கள் பெரும்பாலும் முதற் கேள்விக்கு உரியவை. இரண்டாவது கேள்விக்கான புரதங்களைச் சதையில்தான், அதாவது பயொப்சித் துண்டை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில்தான் பார்க்க வேண்டும்.

சலத்தில் பார்ப்பவற்றில் அதிகம் பேசப்படுவது என்எம்பி22. கலத்தின் கருவைத் தாங்கி நிற்கும் புரதம் இது. புற்றுக் கலங்கள் அழியும்போது சலத்தில் கூடுதலாகக் கலக்கும். அமெரிக்காவில் 1996இலேயே அனுமதி பெற்றது. கையடக்கக் கருவியில் நான்கு சொட்டுச் சலம் விட்டு அரை மணி நேரம் பொறுத்தால், மில்லிலீற்றருக்கு 10 அலகைத் தாண்டியிருந்தால் கோடு விழும். 2005இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், சலப்பைப் புற்றுநோய்க்கான அறிகுறியோ ஆபத்துக் காரணியோ உள்ள 1331 பேரைச் சோதித்தார்கள். கமரா வைத்துப் பார்த்ததில் 79 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. என்எம்பி22 அவர்களில் 44 பேரைப் பிடித்தது. 35 பேரைத் தவறவிட்டது. புற்றுநோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு வீணாகப் பொசிட்டிவ் காட்டியது. அதே ஆய்வில் சலத்துக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் சைற்றொலொஜி மிகச் சிலரையே பிடித்தது. ஆனால் புற்றுநோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அது வீணாகப் பொசிட்டிவ் காட்டவில்லை. வீரியம் கூடிய கட்டிகளில் சைற்றொலொஜி நன்றாக வேலை செய்யும், வீரியம் குறைந்தவற்றில் ஏமாற்றும்.

இன்னொன்று பிடிஏ. இது இரத்தத்தில் இயல்பாகவே உள்ள கம்ப்ளிமென்ற் எச் காரணிக்கு நெருங்கிய உறவான புரதத்தைத் தேடுகிறது. ஆகவே சலத்தில் இரத்தம் கலந்தாலே பொசிட்டிவ் காட்டிவிடும். சலத்தில் இரத்தம் போகிறது என்பதற்காகத்தான் ஆள் வைத்தியரிடம் வருகிறார். அதே இரத்தம் பரிசோதனையைக் குழப்பிவிடுகிறது. சலக்கல், சலத்தொற்று, கதீற்றர், அண்மையில் செய்த கமராப் பரிசோதனை, பிசிஜி சிகிச்சை ஆகிய ஒவ்வொன்றும் இந்த இரண்டு பரிசோதனைகளையும் கெடுக்கும். வெக்கையில் வயலில் நின்று, தண்ணீர் போதாமல் சலம் கடுத்துப் போகும் எங்கள் பகுதியில் கல்லும் தொற்றும் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. கமராவுக்குப் பதிலாக இவற்றில் எதையும் வைக்கலாம் என்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டிகூடச் சொல்லவில்லை. நெகட்டிவ் வந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரத்தம் போவதைப் பொருட்படுத்தாமல் வீட்டில் இருப்பதுதான் இதன் உண்மையான ஆபத்து.

சைற்றொலொஜிக்கோ புரதத்துக்கோ சலம் கொடுக்கும் முறையிலும் பிழைகள் நிறைய நடக்கின்றன. மல்லாவியிலிருந்தோ முழங்காவிலிலிருந்தோ முதல் பஸ்ஸுக்கு வருகிறவர், விடிய எழும்பிய உடன் போன சலத்தைச் சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு வருவார். சைற்றொலொஜிக்கு அது ஆகவே ஆகாது. இரவு முழுக்கச் சலப்பையில் கிடந்த சலத்தில் கலங்கள் ஊறிச் சிதைந்திருக்கும். பஸ்ஸில் வந்த வெக்கையில் கிருமியும் பெருகிவிடும். காலைச் சலத்தை வீட்டில் விட்டுவிட்டு, கிளினிக் வந்து கொஞ்சம் நடமாடிய பிறகு போகும் இரண்டாவது சலத்தைச் சுத்தமான அகன்ற வாய்ப் போத்தலில் 50 மில்லிலீற்றருக்குக் குறையாமல் கொடுங்கள். வெவ்வேறு நாட்களில் மூன்று தரம் கொடுப்பது நல்லது. ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போகாதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது சலத்தின் அளவுக்குச் சமமாக 50 வீத அல்ககோல் சேர்க்க வேண்டும். அல்ககோல் சேர்ப்பது சைற்றொலொஜிக்கு மட்டும். புரதக் கருவிக்குச் சேர்க்காத புதுச் சலம்தான் வேண்டும். பரிசோதனைக்கு முன் லீற்றர் கணக்கில் தண்ணீர் குடித்தாலும் புரதம் நீர்த்துப் போகும். கல் இருந்ததா, கதீற்றர் போட்டதா, பிசிஜி விட்டதா என்பதைப் படிவத்தில் எழுதுவது வைத்தியரின் கடமை. எழுதாமல் வந்தால் தாதியிடம் நீங்களே சொல்லி எழுதுவியுங்கள்.

இனிச் சதையில் பார்க்கும் புரதங்கள். கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைக் காட்டுவது கேஐ-67. பிரிந்து பெருகும் கலத்தின் கருவில் இது இருக்கும், ஓய்ந்து கிடக்கும் கலத்தில் இருக்காது. சாயமேற்றிய கண்ணாடி வில்லையில் கபில நிறமாகிய கருக்களை, கட்டியில் அவை அதிகம் நெருங்கிய இடத்தில் 500 அல்லது 1000 கலம் எண்ணி, நூற்றுக்கு எத்தனை என்று எழுதுவார்கள். எண்ணிக்கை கூடக்கூட, கட்டி திரும்ப வரவும் முற்றவும் உள்ள வாய்ப்பும் கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் ஒன்றுபோலச் சொல்கின்றன. சிக்கல் எல்லைக் கோட்டில் இருக்கிறது. 10க்கு மேல் ஆபத்து என்று ஓர் ஆய்வு சொல்லும், 20 என்று இன்னொன்று, 25 என்று வேறொன்று. நெருங்கிய இடத்தில் எண்ணுவதா, எல்லா இடத்திலும் எண்ணிச் சராசரி எடுப்பதா என்பதிலும் ஒற்றுமையில்லை. ஆகவே "கேஐ-67 18 வீதம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது.

பி53 இன்னும் நுட்பமானது. பழுதடைந்த கலங்களைத் தடுத்து நிறுத்தும் காவற் புரதம் இது. இதன் மரபணு ஒரு வகையில் கெட்டால் புரதம் கலத்தில் தேங்கும். சாயமேற்றினால் கட்டி முழுக்கக் கரும்கபிலமாகத் தெரியும். இன்னொரு வகையில் கெட்டால் புரதம் உருவாகவே மாட்டாது. சாயம் ஒரு துளியும் ஏறாது. மரபணு நன்றாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில மங்கலாகவும் சில கடுமையாகவும் சாயம் ஏறும். ஆகக் கெட்ட நிலைக்கு இரண்டு முகம். 10 வீதத்துக்கு மேல் ஏறினால் பொசிட்டிவ், இல்லையேல் நெகட்டிவ் என்று பார்த்த பழைய முறையில், சாயமே ஏறாத அந்த மோசமான கட்டிகள் "நெகட்டிவ், நல்லது" என்ற பக்கத்தில் விழுந்துவிட்டன. வாசிக்கும்போது கட்டிக்குப் பக்கத்தில் உள்ள நல்ல கலங்களை முதலில் பார்க்க வேண்டும். அங்கே மங்கலாகவாவது சாயம் ஏறியிருந்தால்தான் கட்டியில் ஏறாததற்குப் பொருள் உண்டு. அங்கேயும் ஏறாவிட்டால் சாயமேற்றியதே பிழை. திரும்பச் செய்ய வேண்டும். ரிப்போட்டில் "பி53 நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால், முழுக்க இல்லையா, இயல்பான அளவா என்று நிபுணரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஒற்றைப் புரதத்தை நம்பியதில் மருத்துவ உலகமும் அடிபட்டிருக்கிறது. சலப்பை அகற்றப்பட்டவர்களில் பி53 கெட்டவர்களுக்குக் கூடுதல் கீமோ கொடுத்தால் பயன் கிடைக்குமா என்று பார்த்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. 499 பேருக்கு பி53 பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கெட்டிருந்தது. அவர்களில் 114 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். கீமோவால் மேலதிகப் பயன் தெரியவில்லை. அதோடு, பி53 கெட்டவர்களுக்கும் கெடாதவர்களுக்கும் நோய் திரும்பியதில் வித்தியாசமும் தெரியவில்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. சலப்பை அகற்றப்பட்ட 164 பேரில் பி53, அதைப்போலக் கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி21, ஆர்பி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றும் சரியாக இருந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது 23 வீதம். ஒன்று கெட்டால் 32. இரண்டு கெட்டால் 57. மூன்றும் கெட்டால் 93. ஒன்று தனியே சொல்லாததைக் கூட்டாகச் சொல்கின்றன. பி27, சைக்கிளின் ஈ1 என்ற வேறு இரு புரதங்களையும் கேஐ-67ஐயும் சேர்த்த தொகுதிகளிலும் இதே போக்குத்தான் தெரிந்தது. என்றாலும் இவை பெரும்பாலும் பழைய சேமிப்புச் சதைகளில் பின்னோக்கிப் பார்த்தவை. மார்க்கர் ஆய்வுகளை எப்படி நடத்தி எப்படி எழுத வேண்டும் என்று ரிமார்க் என்ற நெறிமுறை 2005இல் வந்ததே, கவனமற்ற ஆய்வுகள் குவிந்து போனதால்தான்.

புரதம் இல்லாமலே போக்கைக் கணிக்க ஒரு கணக்கு உண்டு. 2006இல் ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்பு வெளியிட்டது. முற்றும் வாய்ப்புக்கான புள்ளிகள் இவை: கட்டி ஒன்றுக்கு மேல் என்றால் 3, 3 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ என்றால் 3, முன்பும் வந்து திரும்பியது என்றால் 2, ரி1 என்றால் 4, கிரேட் 3 (வீரியம் மிகக் கூடியது) என்றால் 5, சிஐஎஸ் கூட இருந்தால் 6. மொத்தம் 0 என்றால் ஐந்து ஆண்டில் தசைக்குள் இறங்கும் வாய்ப்பு 0.8 வீதம், 2 முதல் 6 வரை என்றால் 6 வீதம், 7 முதல் 13 வரை 17 வீதம், 14 அல்லது அதற்கு மேல் 45 வீதம். ஓர் உதாரணம் பாருங்கள். மாங்குளத்தைச் சேர்ந்த ஒருவருக்கு முதல்தடவை, ஒரே ஒரு கட்டி, 2 சென்ரிமீற்றர், ரி1, கிரேட் 3 என்று வைத்துக்கொள்வோம். 4ம் 5ம் 9. வாய்ப்பு 17 வீதம். அதே ஆளின் சலப்பையில் வேறோர் இடத்தில் சிஐஎஸ் இருந்து அது கண்டுபிடிக்கப்பட்டால் 15. வாய்ப்பு 45 வீதம். பிசிஜி முறையாகப் பெற்றவர்களுக்கு இந்த எண்கள் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பயமுறுத்தும். அந்த ஆய்வில் பலருக்கு பிசிஜி கொடுக்கப்படவில்லை. ஆனாலும் சிஐஎஸ் என்ற ஒரு விடயம் ஆளை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தூக்குகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது.

புரதங்கள் இன்றே, சந்தேகமில்லாமல் உதவும் இடம் இதுதான். கல் உரசியோ, தொற்றாலோ, பிசிஜியாலோ புண்பட்ட மேற்படை நுணுக்குக்காட்டியில் சிஐஎஸ் போலவே காட்சி தரும். அப்போது சிகே20, பி53, சிடி44 மூன்றையும் பார்ப்பார்கள். நல்ல சலப்பையில் சிகே20 மேல்விளிம்பில் உள்ள குடைக் கலங்களில் மட்டும் ஏறும். சிஐஎஸ்ஸில் மேலிருந்து கீழ்வரை முழுத் தடிப்பிலும் ஏறும். சிடி44 இதற்கு நேரெதிர்: புண்பட்ட மேற்படையில் முழுத் தடிப்பிலும் ஏறும், சிஐஎஸ்ஸில் மறைந்துவிடும். பி53 கடுமையாக, முழுத் தடிப்பிலும் ஏறினால் சந்தேகம் உறுதியாகும். மூன்று வில்லைகளில் ஓர் ஆளின் கணக்கு 17இலிருந்து 45க்குப் போகலாம், அல்லது வீண் பயம் நீங்கி 17இலேயே நிற்கலாம். எங்கள் வட்டாரத்தில் புரதச் சாயத்துக்குச் செலவழிக்கும் முதல் ரூபாய் இதற்கே போக வேண்டும்.

ஆனால் சாயம் ஏற நல்ல சதை வேண்டுமே. விதைநெல் புழுத்திருந்தால் பிறகு என்ன உரம் போட்டு என்ன?

முதலாவது, தசை. கட்டியைச் சுரண்டும் ரி.யூ.ஆர். சத்திரசிகிச்சையில் மேலே தெரியும் முளையை மட்டும் எடுத்து நிறுத்தினால், அது தசைக்குள் இறங்கியதா என்று எவராலும் சொல்ல முடியாது. முளையைத் தனிப் போத்தலிலும், அடித்தளத்துத் தசையோடு எடுத்த துண்டைத் தனிப் போத்தலிலும், சிவந்த தட்டையான இடங்களை மின்சாரத்தால் எரிக்காமல் குளிர்ந்த கவ்வியால் கிள்ளி வேறொரு போத்தலிலும் போட வேண்டும். தசையில்லாத ரி1 சதையோடு வந்தவர்களை மறுபடி சுரண்டிப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உண்மையில் ரி2 இருந்ததாக அறியப்பட்ட ஆய்வு உண்டு. அதனால்தான் ரி1 என்று வந்தால் 2 முதல் 6 வாரத்துக்குள் இரண்டாம் சுரண்டல் செய்யச் சொல்கிறார்கள். துண்டில் தெரிவது மேற்படைக்குக் கீழே உள்ள மெல்லிய தசை நாரா, ஆழத் தசையா என்று குழப்பம் வந்தால் ஸ்மூதெலின் என்ற புரதச் சாயம் உதவும். ஆழத் தசையில் அது கடுமையாக ஏறும். எரிந்து கருகிய துண்டில் எதுவும் ஏறாது, அல்லது எல்லாமே ஏறியதுபோல் தெரியும்.

இரண்டாவது, திரவம். எடுத்த துண்டைச் சேலைனில் போட்டு "பிறகு மாத்துவம்" என்று மேசையில் வைப்பது பெரிய கேடு. சேலைன் சதையைப் பதப்படுத்தாது. கலங்கள் வீங்கி அழுகத் தொடங்கும். எங்கள் வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கும். உடலிலிருந்து வெளியே வந்த துண்டு சில நிமிடங்களுக்குள், எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள், நடுநிலைப்படுத்திய 10 வீத போமலினுக்குள் போய்விட வேண்டும். ஒரு லீற்றர் தயாரிக்க: கடையில் வரும் 37 முதல் 40 வீத போமல்டிஹைட் திரவம் 100 மில்லிலீற்றர், வடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் டைஹைட்ரஜன் பொஸ்பேற் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பொஸ்பேற் 6.5 கிராம். உப்புகள் இரண்டும் முழுதாகக் கரைந்த பின் பிஎச் 7க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு இரண்டையும் விட்டுவிட்டு வெறும் தண்ணீர் கலந்தால் நாளடைவில் போமிக் அமிலம் உண்டாகி, வில்லையில் கறுத்த மணிகள் படியும்; புரதங்களும் கெடும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் கிணறுகளின் கல்சியம் பொஸ்பேற்றோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். நடுநிலைப்படுத்த வேண்டிய உப்பு அதிலேயே போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் மூலத் திரவத்தை வைத்தாலும் வெள்ளைப் படிவு விழும். கையுறை போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் கலக்க வேண்டும். போத்தலில் தயாரித்த திகதி எழுத மறக்கக் கூடாது.

அளவு மிக முக்கியம். சதையின் பருமனைப்போல் பத்து மடங்கு போமலின். 10 கிராம் சுரண்டலுக்கு 100 மில்லிலீற்றர். சிறிய போத்தலில் சதையைத் திணித்து, மேலே கொஞ்சம் ஊற்றி அனுப்பினால் வெளிப்புறம் பதமாகும், உள்ளே அழுகும். போமலின் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் ஊடுருவும். பதமாகும் நேரம் 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72 மணியைத் தாண்டவும் கூடாது. இந்த 72இல்தான் வன்னியில் பெரும்பாலும் பிசகுகிறது. வெள்ளிக்கிழமை எடுத்த சதை வாகனம் கிடைக்கும்வரை இருந்து, வேறு போத்தல்களோடு சேர்ந்து ஏ9 வீதியால் போகும்போது அடுத்த கிழமையாகிவிடும். அளவுக்கு மேல் போமலினில் கிடந்த சதையில் புரதங்கள் இறுகிப் பிணைந்து, சாயம் பிடிக்காமல் போகும். பி53 "ஏறவே இல்லை" என்று பொய்யாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு வழி. போத்தலிலும் படிவத்திலும் சதை எடுத்த நேரத்தையும் போமலினில் போட்ட நேரத்தையும் எழுதினால், வாசிக்கிறவர் எச்சரிக்கையாக வாசிப்பார்.

பதமான சதையை மெழுகில் பதித்துச் செய்யும் மெழுகுக் கட்டியிலிருந்து 3 அல்லது 4 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவ வேண்டும். தடித்தால் கேஐ-67 கூடுதலாக எண்ணப்படும். சீவிய வில்லையை மாதக்கணக்கில் அறையில் வைத்திருந்து பிறகு சாயமேற்றினால் புரதம் மங்கிவிடும். ஒவ்வொரு தொகுதியிலும் தொண்டைச் சதைத் துண்டு ஒன்றைக் கட்டுப்பாட்டு வில்லையாக வைக்க வேண்டும். அதில் கேஐ-67 சரியாக ஏறாத நாளில் நோயாளியின் வில்லையை வாசிக்கக் கூடாது. தேடும் புரதத்தோடு ஒட்டி அதில் சாயம் ஏற உதவும் அன்ரிபொடிகளை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்வரும் இடத்தில் பின்னணி மின்பிறப்பாக்கி இல்லாமல் அவற்றை வாங்கி அடுக்குவது காசை வீணாக்குவதே. மெழுகுக் கட்டிகளைத் தகரக் கூரைக்குக் கீழ் அடுக்கி வைக்கிற வழக்கமும் போக வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஒரு புதிய மார்க்கர் வரும்போது அந்தக் கட்டிகள்தான் எங்கள் மக்களின் நோயைப் பற்றிய ஒரே சாட்சி.

மருந்து தெரிவுசெய்யப் பார்க்கும் பிடி-எல்1, ஹெர்2 போன்ற புரதங்கள் வேறு கணக்கு, பெரும்பாலும் நோய் பரவியவர்களுக்கானவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை. பிடி-எல்1 ஒவ்வொரு அன்ரிபொடிக்கும் ஒவ்வொரு அளவுகோல் கொண்டது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு ஒப்பிட முடியாது.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் எங்கள் வேண்டுகோள், ஒவ்வொரு மாவட்டத்திலும் புரதச் சாயக் கருவி வாங்கி வைக்க வேண்டும் என்பதல்ல. மாதத்துக்குச் சில சலப்பைச் சதைகள் மட்டும் வரும் இடத்தில் அன்ரிபொடிகள் திகதி கடந்து போகும், கைப்பழக்கமும் வராது. வடக்கில் ஓர் ஆய்வுகூடத்தில் மட்டும் கேஐ-67, பி53, சிகே20, சிடி44 என்ற சிறு தொகுதியை ஒழுங்காகச் செய்தால் போதும். மாவட்டங்கள் செய்ய வேண்டியது, சலப்பைச் சத்திரசிகிச்சை நடக்கும் ஒவ்வொரு தியேட்டரிலும் முன்கூட்டியே நிரப்பி, திகதி எழுதி, மூன்று போத்தல்கள் கொண்ட பொதி ஒன்றைத் தயாராக வைப்பது. மெழுகுக் கட்டியாக்கும் வேலையை மாவட்டத்திலேயே 72 மணிக்குள் முடித்து, மெழுகுக் கட்டியாக அனுப்புவது. மெழுகுக் கட்டியான சதை வழியில் தாமதித்தாலும் கெடாது. ஆண்டுக்கு ஒரு வாகனம் வாங்கும் காசில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

நோயாளிகளிடமும் உறவினரிடமும் ஒன்று கேட்கிறோம். ரிப்போட் வந்ததும் கிளினிக் கொப்பியில் ஆறு விடயம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்: எந்த ரி, கிரேட் என்ன, துண்டில் தசை இருந்ததா, சிஐஎஸ் இருந்ததா, கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது. "தசை காணப்படவில்லை" என்று இருந்தால் அடுத்த கேள்வி புரத மார்க்கர் அல்ல. மறு சுரண்டலுக்குத் திகதி எப்போது என்பதே. வலியில்லாமல் ஒரே ஒரு தடவை சிவப்பாகச் சலம் போய் நின்றுவிட்டாலும், "சூடு" என்று சொல்லி இளநீரோடு விட்டுவிடாதீர்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பற்றிய பயம் இருப்பதால் கிரியற்றினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்துத் திரும்பி விடுகிறார்கள். காரணம் தெரியாத அந்தச் சிறுநீரக நோயில் கண்ணுக்குத் தெரிய இரத்தம் போவது வழமையல்ல. ஸ்கான் நல்லதே, ஆனால் சிறிய கட்டியையும் தட்டையான சிஐஎஸ்ஸையும் அது தவறவிடும். பெண்களுக்குச் சலத்தொற்று என்று திரும்பத் திரும்ப மருந்து கொடுத்து மாதங்கள் ஓடிவிடுகின்றன. கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமியே இல்லாமல் இரத்தம் போனால் கமரா கேட்டு வாங்க வேண்டும். பீடி, சுருட்டு, சிகரெட் பிடித்தவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். சலப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதி புகையால் வருவது. ஆண்டுக்கணக்கில் பெயின்ற் அடிக்கும் தொழில் செய்தவர்களும் அப்படியே.

உங்கள் பத்திரிகை தியேட்டர் தாதியர்களாலும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்களாலும் வாசிக்கப்படுகிறது. மேலே கொடுத்த போமலின் அளவுகளையும் பத்து மடங்கு, 72 மணி என்ற இரண்டு எண்களையும் தனிக் கட்டமிட்டுப் பிரசுரித்தால், வெட்டி எடுத்து தியேட்டர்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இவ்வண்ணம்,
நோயியல் ஆய்வுகூடத் துறையைச் சேர்ந்த வாசகர்கள்,
கிளிநொச்சி